அம்மா மழைக்குக் குடிபோன கதை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, தண்டையார்பேட்டைத் தெருக்காரர்களே, காசிமேட்டில் அம்மாவோடு மீன்கூடை தூக்கிய சகோதரிகளே, எல்லோருக்கும் என் வணக்கம். அம்மா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ராயபுரத்தில் நம் கோயிலில் இன்று அம்மாவுக்காக நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்ததும் நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். போன வருடம் போனிலேயே பாதிப் பேர் கேட்டுவிட்டீர்கள். "பையன் குத்துக்கல்லாட்டம் கீறப்போ பொண்ணு வூட்ல போய் ஏன் கெடந்தாங்கோ? கடைசியா மூஞ்சியகூட காட்டாம எங்கியோ மலையில பொதைச்சிட்டு வந்துட்டீங்களே, இது ஞாயமா?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். பிரியாணி ஆறிவிடும் என்று தோன்றினால் சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒப்பாரியை எதிர்பார்த்துப் பிரித்தவர்கள் மன்னிக்கவும். அம்மா ஊர் மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது சிரிப்பும் பரபரப்பும்தான். அழுகை வராமல் இல்லை, பின்னாலேயே வருகிறது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வருகிறது.

அம்மா பிறந்தது திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பம் ஒன்றில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்தார். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அண்ணன் எட்டாம் வகுப்பிலும் நான் மூன்றாம் வகுப்பிலும் இருக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் திரும்புவதற்குள் அம்மா மீன்கூடையைத் தலையில் வைத்துவிட்டார். காலையில் காசிமேட்டில் ஏலம், அப்புறம் டோல்கேட்டைச் சுற்றியிருக்கும் தெருக்களில் கூவல், மதியம் கூடை காலியாகும்வரை வெயில். அண்ணன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டதும், நான் நர்சிங் படித்ததும் அந்தக் கூடையிலிருந்துதான். அம்மாவுக்குக் கோபம் வந்தால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். திட்டு வாங்கிய வீட்டுக்கே சாயங்காலம் ஒரு கிண்ணம் மீன்குழம்பும் போகும். வாங்கியவர்கள் பலர் இன்று இங்கே இருக்கிறீர்கள், திட்டையும் குழம்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் இருந்தது. வெயில். எங்கள் வீட்டுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை பிறந்துவிட்டால் உள்ளே உட்கார முடியாது, வெளியே நிற்க முடியாது. அம்மா மீன் பெட்டியில் கையை விட்டு ஒரு துண்டு ஐஸை எடுத்துப் பின்கழுத்தில் வைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சண்டை போடுவார். "ஆண்டவரே, நரகம்னு தனியா ஒண்ணு எதுக்குக் கட்டி வெச்சுகீற? தண்டையார்பேட்ட பத்தலயா?" பங்குச்சாமியார் ஒருமுறை இதைக் காதால் கேட்டுவிட்டார். கண்டிப்பார் என்று பார்த்தால், அங்கியின் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டு பேசாமல் நகர்ந்துவிட்டார்.

அரசுப் பரீட்சையில் தேறிய எனக்கு ஷில்லாங்கில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. மேகாலயா மாநிலத்தில், மலை மேல் இருக்கிற ஊர். "அது இன்னா, சைனாவா?" என்று மாமா கேட்டார். "அங்க போனா இவளுக்குக் கல்யாணம் எப்டி ஆவும்?" என்று அத்தை கேட்டார். (இன்னும் ஆகவில்லை அத்தை, ஊர்மேல் பழி போடாதீர்கள்.) மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க வெயிலு எப்டி?"

"வெயிலா? மழைதாம்மா. வருசத்துல பாதி மழை. மீதி குளிரு."

அம்மா அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பாதி வருசமா?" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைக்குத் திருவிழா ராட்டினத்தைக் காட்டினால் ஒரு முகம் வருமே, அதுதான்.

நான் போய் ஒரு வருடம் கழித்து, கத்திரி வெயிலில், டோல்கேட் சிக்னல் அருகே அம்மா கூடையோடு மயங்கி விழுந்தார். சுற்றி நின்றவர்கள் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி வெயிலில் அலையவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் விமானம் பிடித்து வந்து சேர்ந்தேன். அண்ணன் அதற்குள் ஒரு முடிவோடு இருந்தார்.

"எம்மா, நீ இனிமே கூடைய தொடக்கூடாது. உன் ரூமுக்கு ஏசி போட்டுடறேன். ஜம்முனு குந்திகினு டிவி பாரு."

"ஏசி போட்டு உள்ள வெச்சு மூடப் போறியா நைனா? நான் இன்னா ஐஸ் பொட்டி மீனா?" என்றார் அம்மா. "நான் பாப்பா கூட போறேன். எனக்கு மழையப் பாக்கணும்."

எல்லாத் தகராறும் இங்கேதான் தொடங்கியது. அண்ணனையும் அண்ணியையும் பற்றி யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அம்மாவை அவர்கள் ராணி மாதிரிதான் வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. அதனால்தான் அண்ணனுக்கு அவ்வளவு வலித்தது. "பெத்த பையன் கீறப்போ பொண்ணு வூட்டுக்குப் போனா, தெருவுல இன்னா பேசுவாங்கோ? இவன் கஞ்சி ஊத்தல, இவன் பொஞ்சாதி வெரட்டிட்டானு சொல்வாங்கோ. நான் அப்பால எந்த மூஞ்சிய வெச்சுகினு கோயிலுக்குப் போறது?" அம்மா அசையவில்லை. கடைசியில் அண்ணன், "போறதுன்னா போ. ஆனா நான் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். வந்தா உன்ன இட்டுனு வர்றதுக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

அம்மா அன்று அழுதார். ஆனால் மறுநாளே ஸ்வெட்டர் வாங்கக் கிளம்பினார். மே மாதத்தில், பாரிமுனையில், ஸ்வெட்டர்! கடைக்காரர் உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்துவந்தார். வீட்டுக்கு வந்ததும் அதைப் போட்டு, தலைக்குக் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு, மின்சாரம் வேறு நின்றுபோன நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்றார். தெருவே கூடிவிட்டது. "ஏம்மே, வெந்துடப் போற, கயட்டு!" என்று எதிர்வீட்டு அக்கா கத்தினார். அம்மாவின் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது. "இரு மே, அளவு பாக்க வாணாவா? அங்க போய் சின்னதாகீதுன்னா யாரு மாத்திக் குடுப்பா?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அந்தப் போட்டோதான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. துக்க மலருக்குக் குல்லா போட்டோவா என்று அச்சகத்தில் தயங்கினார்கள். நான்தான் விடவில்லை.

கௌகாத்தி வரை ரயில், அங்கிருந்து மலைமேல் வண்டி. வண்டி ஏற ஏறக் காற்று மாறியது. முதல் வளைவிலேயே அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே நீட்டினார். "ஜில்லுனு கீதுடி பாப்பா, ஐஸு இல்லாமயே ஜில்லுனு கீது!" பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியை ஏற்றச் சொல்ல, அம்மா இறக்க, மறுபடி அவர் ஏற்றச் சொல்ல, ஊர் போய்ச் சேர்வதற்குள் பின்சீட்டு குளமாகிவிட்டது. அன்று வீட்டின் தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் நாங்கள் பேசியதே எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா இரண்டு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தையும் மிஞ்சிக் கத்தினார். "நிக்கப் போவுதா?"

"இப்போதைக்கு நிக்காதும்மா!"

"நிக்க வாணாம்!"

எங்கள் வீட்டுக்கார அம்மாள் காசி இனத்தவர், அந்த மலையின் மண்ணின் மக்கள். கீழ்வீட்டில் இருந்துகொண்டு ஒரு சின்ன டீக்கடை நடத்துகிறார். அக்கா முறைப் பெண்களை அங்கே 'காங்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதனால் இனி அவரைக் காங் என்றே எழுதுகிறேன். காங்குக்கும் அம்மாவுக்கும் பழக்கம் ஏற்பட்டது கருவாட்டால். அதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

அம்மா ஊரிலிருந்து ஒரு மூட்டை நெத்திலியைக் கொண்டுவந்திருந்தார். அவசரத்தில் கிளம்பியதால் சரியாகக் காயவில்லை. "அங்க போய் ஒரு நாள் வெயில்ல போட்டா சுக்காயிடும்" என்று ரயிலில் என் வாயை அடைத்துவிட்டார். போய்ச் சேர்ந்த சில நாளில் ஒரு காலை பளிச்சென்று விடிந்தது. அம்மா முற்றத்தில் சாக்கை விரித்து, கருவாட்டைப் பரப்பி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். தண்டையார்பேட்டையில் காலை ஏழு மணிக்கு வந்த வெயில் சாயங்காலம்வரை ஆணி அடித்தாற்போல் நிற்கும். அந்த நம்பிக்கை. ஷில்லாங் வெயிலோ எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். திரும்பி வந்து பார்த்தால் கருவாடு மறுபடியும் நீந்திக்கொண்டிருந்தது. அம்மா விடவில்லை. அடுத்த நாளும் விரித்தார், அதற்கடுத்த நாளும் விரித்தார். வாழ்நாளெல்லாம் வெயிலைத் திட்டியவர், முற்றத்தில் நின்று அதையே கெஞ்சிக் கூப்பிட்டார். "வாம்மா, ஒரே ஒரு மணி நேரம் வா, உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்." இதற்குள் வாடை தெரு முழுக்கப் பரவிவிட்டது.

காங் மேலேறி வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார், பெட்டியை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது என்று நினைத்தேன். காங் சாக்கருகே குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை மோந்தார். பிறகு முறத்தை வாங்கி, கருவாட்டையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு தன் அடுப்படிக்கு நடந்தார். அங்கே விறகடுப்புக்கு மேலே ஒரு மூங்கில் தட்டி தொங்குகிறது. மழைக்காலத்தில் எதையும் காயவைக்க அதுதான் அவர்களுக்கு வெயில். கருவாடு என்றால் அவர்களும் உயிரை விடுவார்கள், சுட்டு மிளகாயோடு இடித்துத் துவையலே செய்வார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா அந்தப் புகையடியில் குந்திக்கொண்டு, "இது இன்னா சோக்கா கீது!" என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காங் அம்மாவுக்குப் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் மடித்துக் கொடுத்தார். அது வாயில் போட்டதும் உடம்பெல்லாம் சூடேற்றும் பாக்கு. அம்மாவுக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. "அட இன்னா பேஜாரு இது! இம்மாந் தூரம் வந்தும் வேர்க்க வெச்சிட்டாளே!" என்று அம்மா சிரிக்க, ஒன்றும் புரியாமல் காங்கும் சிரித்தார். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம்.

பாஷையும் அவர்களுக்குப் பெரிய தடையாக இல்லை. காங்குக்கு அரைகுறை இந்தி. அம்மாவிடம் நாஸ்டா, தோஸ்து, குஷி, ஜல்தி எல்லாம் தண்டையார்பேட்டையிலேயே சம்பாதித்தது இருந்தது. மீதிக்குக் கை இருந்தது. காங் அம்மாவைப் பெரிய சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே கடை போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விலை பேசுவதும் பெண்கள், அதட்டுவதும் பெண்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஐஸில் வைத்த மீன் ஆந்திராவிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "பாவம், என்னியவிட ரொம்ப நாளு ரயில்ல வந்துகீது" என்று தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். டீக்கடையில் ஒரு ஸ்டூல் அம்மாவுடையதாயிற்று. மழை பிடித்தால் எழுந்து வாசலுக்கு வருவார். மற்றவர்கள் மழைக்கு உள்ளே ஓடுவார்கள், அம்மா மழைக்கு வெளியே வருவார். டோல்கேட்டில் விழுந்த உடம்பு அங்கே ஏற்றமும் இறக்கமுமாக நடந்தது. வேர்க்குரு என்ற சொல்லையே மறந்துவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சத்தம் குறையும். அன்று அண்ணன் போன் செய்வார். அம்மாவிடம் பேசுவார், என்னைக் கேட்க மாட்டார். கடைசி வார்த்தை எப்போதும் ஒன்றுதான். "எப்பம்மா வர்ற?" அம்மாவும் எப்போதும் ஒன்றுதான் சொல்வார். "நீ ஒரு தபா வந்து பாரு நைனா." இருவரும் இறங்கிவரவில்லை. அண்ணி மட்டும் மறக்காமல் கருவாட்டுப் பார்சல் அனுப்பிக்கொண்டே இருந்தார். மழையும் வேண்டும், மகனும் வேண்டும் என்றுதான் அம்மா ஆசைப்பட்டார். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொன்னால் பாதி மனசு செத்துப்போகும், அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நாலாவது மழைக்காலத்தில் அண்ணன் வந்தார். தெருவில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, படிக்கிறவருக்கே தெரியும். அம்மாவுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட்டோடு, முறைத்த முகத்தோடு, தொப்பலாக நனைந்து வாசலில் நின்றார். சொன்னபடியே படியை மிதிக்கவில்லை. மழையிலேயே நின்றுகொண்டு, "எம்மா, துணிய எடுத்து வையி. போலாம்" என்றார். அம்மா படிக்கு உள்ளே, அண்ணன் படிக்கு வெளியே. அம்மா, "உள்ள வா நைனா, ஜல்பு பிடிச்சுக்கும்" என்றார். அண்ணன் அசையவில்லை.

கீழேயிருந்து காங் குடையோடு ஏறிவந்தார். நடப்பதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் இந்தியில் விசாரித்தார். லாரியோடு நாடெல்லாம் சுற்றிய அண்ணனுக்கு இந்தி நன்றாகவே வரும். அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார். காங்கின் முகம் மாறிவிட்டது. குடையை அண்ணன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, மிகுந்த கவலையோடு கேட்டார்.

"உன் தங்கை என்ன தப்பு செய்தாள்? சாப்பாடு போடவில்லையா? கை நீட்டினாளா? என்னிடம் சொல், நான் கேட்கிறேன். தாய் மகளைவிட்டு மகன் வீட்டுக்குப் போனால் இந்தத் தெருவில் என்ன பேசுவார்கள்? இந்தப் பெண் நாளைக்கு எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவாள்?"

தண்டையார்பேட்டையில் அண்ணன் கத்திய அதே வார்த்தைகள், தலைகீழாக. காங் விளக்கினார். அவர்கள் வழக்கத்தில் வீடு கடைசி மகளுக்கு. பெற்ற தாயைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவது அவள் கடமை. மகன் வீட்டுக்குத் தாய் போனால், மகள் சரியில்லை என்று ஊர் சிரிக்கும். "அப்படியென்றால் மகனுக்கு ஒன்றுமே கிடையாதா?" என்று அண்ணன் கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபமில்லை, ஏக்கம்தான். காங்குக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்றும் இல்லையா? சகோதரிகளின் வீட்டில் பெரிய ஆளே அவன்தானே. அவனைக் கேட்காமல் எங்களில் எதுவும் நடக்காது. நீ ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று நான் உன் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முற்றத்துக்குக் கூரை போடவேண்டும் என்று போன வருடமே பேசினோம். இந்த வீட்டு அண்ணன் வரட்டும், அவரிடம் கேட்டுச் செய்வோம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்."

அண்ணன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தபடி முற்றத்தைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தார். "இங்க இல்லம்மா, கூரைய அந்தாண்ட சரிச்சுப் போடணும். இல்லாட்டி தண்ணி உள்ளதான் வரும். அளவெடுக்க டேப்பு கீதா பாப்பா?" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. சொல்லிக்கொண்டே படியேறி உள்ளே வந்துவிட்டார், வந்தது அவருக்கே தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இறுக்கிய இறுக்கில் வளையல் நசுங்கியது.

அந்த வாரம் எங்கள் வீட்டில் திருவிழாதான். அண்ணன் அம்மாவின் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு ஏணிமேல் நின்று தகரம் அடித்தார். காங் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். அம்மா இருவரையும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அதட்டினார். கூரை முடிந்ததும் மூவரும் அதனடியில் உட்கார்ந்து, முன்னால் கொட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு கருவாட்டுத் துவையலும் சோறும் தின்றார்கள். அண்ணன் தனியாகத்தான் ஊர் திரும்பினார். கிளம்பும்போது, "தெருவுல இன்னா பேசினாலும் பேசட்டும்மா. எனக்கு ரெண்டு ஊரு கீது" என்றார். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அண்ணியோடு மழைக்கென்றே வந்தார். அம்மா ஆசைப்பட்ட இரண்டும் ஒரே கூரையடியில் கிடைத்துவிட்டன.

போன வருடம், நல்ல மழைக்காலம். ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, அண்ணனோடு போனில் சிரித்துப் பேசிவிட்டுப் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. குளிர் கொன்றுவிட்டது என்று சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இல்லை. டோல்கேட்டில் விழுந்த அன்றே பலவீனமாக இருந்த இதயம், குளிரில் இத்தனை வருடம் கூடுதலாக ஓடியது. ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், நம்புங்கள்.

அன்று அக்கம்பக்கம் முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அடுப்பை அவர்களே பார்த்துக்கொண்டார்கள், ஜெபத்தை அவர்கள் பாஷையில் அவர்களே பாடினார்கள். ஆனால் குழி வெட்ட ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. "அண்ணன் வரட்டும். அவர் சொல்லட்டும்" என்றார் காங். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் வண்டி தயாராகத்தான் நின்றது. அம்மா எங்கே அடக்கம் ஆகவேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அப்பா இருக்கிறார். நீங்களெல்லாம் இங்கே காத்திருந்தீர்கள். மகனாகத் தன் தெருவிலிருந்து தாயைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று அண்ணனுக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். முடிவை அவருக்கே விட்டுவிட்டேன்.

அண்ணன் மறுநாள் வந்து சேர்ந்தார். அம்மாவின் கன்னத்தில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. அந்தக் கையை எடுக்காமலே ரொம்ப நேரம் இருந்தார். அந்த ஊர்ப் பங்குச்சாமியார், காங், அந்தப் பகுதிப் பெரியவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை. அண்ணன் திரும்பாமலே சொன்னார்.

"எங்கம்மா வெயில்ல நின்னது போதும். இங்கியே வெச்சுடலாம்."

தமிழில்தான் சொன்னார். யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்கள்.

உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இவ்வளவுதான். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத உங்கள் வருத்தம் நியாயமானது, அதற்காக அண்ணனும் நானும் கைகூப்புகிறோம். அப்பாவின் கல்லறைக் கல்லில் அம்மாவின் பெயரையும் அண்ணன் வெட்டிவைத்திருக்கிறார். மெழுகுவர்த்தி ஏற்ற விரும்புகிறவர்கள் அங்கேயும் ஏற்றலாம்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறீர்கள். டோல்கேட்டில் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அவர்கள் தந்த வருடங்களைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். ஒரு பார்சலைக்கூடத் தவறவிடாத அண்ணிக்கு நன்றி. அம்மாவிடம் மீன் வாங்கிய, பேரம் பேசிய, சண்டை போட்ட வாடிக்கை வீடுகளுக்கு நன்றி. காங்குக்கு அவர் பாஷையிலேயே 'குப்லேய்'. வணக்கம், நன்றி, கடவுள் ஆசி மூன்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். இன்றைய பூசைக்கு அவரும் வந்திருக்கிறார். முன்வரிசையில் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் அவர்தான். யாராவது ஓடிப்போய் ஒரு மோர் கொடுங்கள்.

வரும் கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் அங்கே போகிறார். கூட வர விரும்புகிறவர்கள் இப்போதே பெயர் சொன்னால் டிக்கெட் எடுத்துவிடலாம். தங்குமிடம், சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியில், 'அனைவரும் ஷில்லாங்கில் என் வீட்டுக்கு வருக' என்று எழுதியிருந்தேன். அண்ணன் முறைத்தார்.

"இன்னாது, உன் வூடா? அம்மா வூடுனு போடு."

போட்டுவிட்டேன். அனைவரும் எங்கள் அம்மா வீட்டுக்கு வருக.